அக்காவின் அறுநூற்று நாற்பது புள்ளிகள்

1

விழுப்புரத்திலிருந்து ஒரு மாத இதழை, நின்றுவிடும் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்லச் சொல்லக் கேட்காமல் நடத்திவருகிறான் என் பள்ளித் தோழன் ஒருவன். சென்ற வாரம் கூப்பிட்டான்.

"நம்மூரு கடைங்கள்ல எல்லாம் போன் நம்பர் கேக்குறானுங்கடா. மெம்பரு, பாயிண்ட்டு, ரிவார்டுன்னு. நீ பதினேழு வருஷமா அங்க அதுலயே குப்பை கொட்டிக்கினு இருக்க. இதால காசு மிச்சமாவுதா, இல்ல சும்மா ஏமாத்தா? ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

இத்தனை வருட வெளிநாட்டு வாழ்க்கையில் என்னிடம் ஒருவர் கருத்துக் கேட்பது இதுதான் முதல் தடவை. உலக அரசியலைக் கேட்பான் என்று தயாராக இருந்தேன். மளிகைக்கடை அட்டையைப் பற்றிக் கேட்டான். யோசித்துப் பார்த்தால், எனக்கு உருப்படியாகத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுவில், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் அமைந்த ஓர் ஊர். நகராட்சியில் வேலை. வண்டியைக் கூடாத இடத்தில் நிறுத்தி அபராதம் வாங்கியவர்கள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நாய்க்கு வயிறு சரியில்லை என்று கடிதம் எழுதுவார்கள். மன்னிக்க முடியாததற்கு வருந்தி நான் பதில் எழுதுவேன். ஒரு நாளைக்கு முப்பது முறை வருந்துவேன். சனிக்கிழமை காலையில் கடைக்குப் போவேன்.

வந்த புதிதில், காசு வாங்கும் இடத்தில் இருந்த பெண்மணி "அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார். இந்த நாட்டில் இருக்க எனக்கு அனுமதி உண்டா என்று கேட்கிறார் என நினைத்து, வியர்த்து, குடியிருப்பு அனுமதி அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை நிதானமாகப் பார்த்தார். "படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இதற்குப் புள்ளிகள் கிடைக்காது" என்றார்.

அன்றே கடையின் அட்டைக்கு எழுதிப் போட்டேன். அனுமதி அட்டைக்கு அலைந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு அலையவில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி, வீட்டில் எத்தனை வாய். அவ்வளவுதான் கேட்டார்கள். ஏழு நாளில் வந்துவிட்டது. இந்த நாடு என்னை முதன்முதலில் "உறுப்பினர்" என்று அழைத்தது அந்த உறையின் மேல்தான்.

2

தோழனுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. நூறு புள்ளி சேர்ந்தால் ஒரு பவுண்டு கழிவு. ஆக, நூற்றுக்கு ஒன்று. அது போக, அலமாரியில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை தொங்கும். அட்டை உள்ளவனுக்கு ஒன்று, இல்லாதவனுக்கு ஒன்று. இல்லாதவனின் விலையைப் பார்த்தாலே தெரியும், அது யாரும் கொடுப்பதற்காகப் போட்ட விலை இல்லை; அட்டை வாங்கியவன் சந்தோஷப்படுவதற்காகப் போட்ட விலை. ஆகவே அட்டையை வாங்கத்தான் வேண்டும். வாங்கிவிட்டு, அது இல்லாவிட்டால் என்ன வாங்குவோமோ அதை மட்டும் வாங்க வேண்டும். அப்படிச் செய்ய முடிந்தவர்களுக்கு மிச்சமாகும். அப்படிச் செய்ய முடிந்த ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

எங்கள் வீட்டு அலமாரியில் நான்கு டப்பாக்கள் இருக்கின்றன. உப்பு நீரில் ஊறும் ஏதோ ஒரு காய். பெயரை உச்சரிக்கத் தெரியாததால் அது என்னவென்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. நான்கு சேர்த்து வாங்கினால் இருநூறு புள்ளி என்று போட்டிருந்தது. பெருமையாகக் கொண்டுவந்து மேசைமேல் அடுக்கினேன். என் மகள் யாழினி பார்த்தாள். பதினாறு வயது.

"அப்பா, நீங்க சேவ் பண்ணல. எக்ஸ்ட்ராவா ஸ்பெண்ட் பண்ணிருக்கீங்க."

"இருநூறு புள்ளிம்மா."

"ரெண்டு பவுண்ட்ப்பா. இதுக்கு எவ்ளோ குடுத்தீங்க?"

நான் வேறு பேச்சுக்குத் தாவினேன். சின்ன வயதில் அவள்தான் என் அட்டையை இயந்திரத்தில் காட்டுவாள். அது 'பீப்' என்றால் கை தட்டுவாள். போன வருடம் தனக்குத் தனியாக ஓர் அட்டை வேண்டும் என்றாள். ஒரே வீடு, இரண்டு அட்டை வைத்தால் புள்ளி பிரிந்துபோகும் என்று விளக்கினேன்.

"நான் என்ன வாங்குறேன்னு எல்லாம் உங்க ஆப்ல வருதுப்பா. அது பிரைவசி."

தமிழில் அதற்கு என்ன சொல் என்று கேட்டாள், நல்ல மனதோடுதான். அந்தரங்கம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ ஒழுக்கக்கேடு போல ஒலிக்கிறது என்றாள் என் மனைவி சுமதி. வார்த்தை முடிவாவதற்குள் மகள் தனி அட்டை வாங்கிவிட்டாள். இப்போது அவள் மதியம் என்ன சாப்பிடுகிறாள் என்று கடைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

3

மிச்சம் பிடிக்கும் பழக்கம் கடையோடு நிற்பதில்லை. அது மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நானே உதாரணம்.

அக்கா வசந்தா என்னைவிட ஏழு வயது மூத்தவள். விழுப்புரத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். சத்துணவு அமைப்பாளராக இருந்து, முப்பது வருடம் அரிசியை அளந்தும் முட்டையை எண்ணியும் ஓய்வு பெற்றாள். மாமா இறந்து எட்டு வருடம் ஆகிறது. அவளுக்கு ஒரே மகள், அபிநயா. அபிநயாவுக்கு ஒரே தாய்மாமன், நான்.

இரண்டு வருடத்துக்கு முன் அபிநயாவுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணமே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடக்கும். வந்தவர்கள் எல்லோரும் சாம்பாரை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த மாதம் கட்டணம் ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டேன். இப்போதே போட்டால் பத்துப் பன்னிரண்டு பவுண்டு மிச்சம். விட மனம் வருமா? பழைய பாஸ்போர்ட்டை உறையில் போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் ஆகும் என்று படிவத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு எட்டு வாரம் இருந்தது. மூன்று வாரத்துக்குக் கீழே சிறிய எழுத்தில், சில நேர்வுகளில் கூடுதலாகலாம் என்றும் இருந்தது. பிறருக்குச் சிறிய எழுத்தில் பதில் போட்டுப் பிழைப்பவன் நான். எனக்கு வந்த சிறிய எழுத்தைப் படிக்கவில்லை.

உன் பெயரோடு ஒட்டியிருக்கும் எழுத்து யார் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. என் அப்பா என்று எழுதினேன். அப்படியானால் சில ஆவணங்களில் அவர் ஏன் முன்னால் இருக்கிறார், சிலவற்றில் ஏன் பின்னால் இருக்கிறார் என்று அடுத்த கடிதம். இப்படியே அப்பாவை முன்னும் பின்னும் நகர்த்தியதில் ஒன்பது வாரம் போனது. கல்யாணத்தன்று நான் எந்த நாட்டின் பாஸ்போர்ட்டும் இல்லாமல், நகராட்சியில் உட்கார்ந்து யாருக்கோ வருந்திக்கொண்டிருந்தேன்.

வர முடியாமல் போனதைப் போதாத கிரகம் என்று அக்கா பொறுத்திருப்பாள். சீரில்தான் கெட்டது.

என் கடன் அட்டையில் பல வருடமாகப் புள்ளிகள் சேர்ந்திருந்தன. அவற்றை இந்தியத் துணிக்கடை ஒன்றின் பரிசுச் சீட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். இருபதாயிரம் ரூபாய். கைக்காசு ஒரு பைசா இல்லை. சுமதியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உங்க அக்காகிட்ட மட்டும் இதைச் சொல்லிக்காதீங்க" என்றாள்.

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. மண்டபத்தில் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்து, தாய்மாமன் சீர் எங்கே என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவின் போனுக்கே செய்தி போயிருக்கிறது. கண்ணாடி இல்லாததால் பக்கத்திலிருந்த பங்காளியிடம் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் நாடகக்காரர் குரல் உடையவர். வாழ்த்துகள், அனுப்பியவரின் வெகுமதிப் புள்ளிகளிலிருந்து உங்களுக்கு இப்பரிசு, பட்டுச்சேலைகளுக்கும் வெள்ளிப் பொருட்களுக்கும் செல்லாது என்று, கடைசி வரி வரை வாசித்திருக்கிறார்.

மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"ஊரு உலகத்துல தாய்மாமன் சீரு தாம்பாளத்துல வரும். உன்னுது மெசேஜில வந்துச்சு. அதுவும் பாயிண்ட்டுல. எம் பொண்ணுக்கு ஓசியில செஞ்சியாடா?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் இரண்டு மணி அடிக்கும், துண்டித்துவிடுவாள். வாட்ஸப்பிலும் என்னை வராமல் செய்துவிட்டாள். விசா எடுத்து நேரில் போய் நிற்கலாமே என்று சுமதி கேட்டாள். வாசலில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு, விடுப்பு இல்லை என்று பெயர் சொன்னேன்.

4

நான்கு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது, அக்காவுடன் திண்டிவனத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள். அக்கா பதறிவிட்டாள்.

"பொம்பள நம்பர கடையில சொன்னா கண்டவனும் போன் பண்ணுவான். இவன் நம்பர போட்டுக்கோம்மா."

எங்கள் ஊர்ப்பக்கக் கடைகளில் இது வழக்கம்தான். புருஷன் நம்பர், மகன் நம்பர், தம்பி நம்பர் என்று ஆண்பிள்ளை ஒருவனுடைய எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமா இல்லாததால் அக்காவுக்கு நான் வாய்த்தேன். அது என் இந்திய எண். வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறியீடுகளுக்காக மட்டும், ஒரு பழைய போனில் போட்டு, இங்கே அடுப்பங்கரை மேசையில் சார்ஜரோடு வைத்திருக்கிறேன்.

சண்டைக்குப் பின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, பழைய போன் 'டிங்' என்றது. ரூ.412க்குப் பொருள் வாங்கியதற்கு நன்றி, உங்களுக்கு 4 புள்ளிகள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பெயரை எடுக்காதே என்று அபிநயாவிடம் சொல்லியிருந்தவள், கடையில் நின்று என் எண்ணைப் பத்து இலக்கமும் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். பழக்கம்தானா? செய்தி என்னிடம் வருவது அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைத்தேன். தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுவாளோ என்று அபிநயாவிடம்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் அப்படித்தான் போனது. செவ்வாயும் வெள்ளியும் கடைக்குப் போகிறாள். மாத ஆரம்பத்தில் தொகை பெரிதாக இருக்கும், ஓய்வூதியம் வந்திருக்கும். பொங்கலுக்கு முன்னால் ஆயிரத்தைத் தாண்டும். மகளும் மருமகனும் வருகிறார்கள். கேப்பை மாவு வாங்கினாளா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் எண்ணெய் வாங்கினாளா என்று செய்தியில் இருக்காது. தொகை மட்டும் இருக்கும். நான் அதை வைத்துக்கொண்டு ஒரு சமையலறையைக் கற்பனை செய்துகொள்வேன். யாழினி சொன்ன பிரைவசி நினைவுக்கு வரும். போனைக் கவிழ்த்து வைப்பேன். வெள்ளிக்கிழமை மறுபடி நிமிர்த்துவேன்.

ஒரு தடவை பத்தொன்பது நாள் செய்தியே வரவில்லை. இருபதாம் நாள் அபிநயாவைக் கூப்பிட்டு, சும்மாதான் என்று ஆரம்பித்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்றேன்.

"அம்மாவுக்கு விடாம காய்ச்சல் மாமா. இப்பதான் எழுந்து நடமாடறாங்க. உங்களுக்கு எப்டி மாமா தெரியும்?"

மனசுக்குத் தோன்றியது என்றேன். மனசுக்கு ஒன்றும் தோன்றவில்லை. புள்ளி வரவில்லை, அவ்வளவுதான்.

5

போன மாதத் தொடக்கத்தில் வேறு மாதிரி ஒரு செய்தி வந்தது. உங்கள் 640 புள்ளிகள் இம்மாத இறுதியில் காலாவதியாகும். பயன்படுத்த விரும்பினால் இந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பப்படும்.

அங்கே புள்ளிக்கு ஒரு ரூபாய், ஆக அறுநூற்று நாற்பது ரூபாய்; பில்லின் அடியிலும் அச்சாகியிருக்கும். சத்துணவுக் கூடத்தில் விரிசல் விட்ட முட்டையைக்கூட வீணாக்காத அக்கா அதை விடப்போவதில்லை. எடுக்க வேண்டுமென்றால் குறியீடு வேண்டும். குறியீடு வருவது என் அடுப்பங்கரைக்கு. ஆகவே அவள் என்னைக் கூப்பிட்டாக வேண்டும். இரண்டு வருடமாக நான் கெஞ்சியும் நடக்காததை ஒரு கடை நடத்திக்காட்டப்போகிறது என்று எனக்கு ஒரே குஷி. அந்த மாதம் முழுக்க, செவ்வாயும் வெள்ளியும் காலையில் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

மூன்றாவது செவ்வாய், காலை ஏழு மணி. அங்கே பதினொன்றரை. 'டிங்.' ஆறு இலக்கம். ஐந்து நிமிடம் மட்டுமே செல்லும்.

மற்ற போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. நானே கூப்பிட்டிருக்கலாம். அவளே கூப்பிடட்டும், அவளுக்குத்தானே தேவை என்று ஒரு வீம்பு வந்தது. எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் உண்டு, யாருக்கும் காலாவதியாவதில்லை. ஐந்து நிமிடம் முடிந்தது. அடுத்த செய்தி வந்தது. ரூ.538க்கு நன்றி. முழுத் தொகையையும் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று நகராட்சியில் நான் எழுதிய பதில்கள் மிகக் கடுமையாக இருந்தன என்று பிறகு சொன்னார்கள்.

6

மாதத்தின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. ஏழு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி குறியீடு வந்தது.

இந்தத் தடவை உடனே கூப்பிட்டேன். இரண்டு மணி அடித்தது, துண்டித்தாள். மறுபடி கூப்பிட்டேன். ஒரு மணியிலேயே துண்டித்தாள். நான்கு நிமிடம் இருந்தது. செய்தியின் அடியில் கடையின் எண் இருந்தது. அதற்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நான் இங்கிலாந்துலேர்ந்து பேசறேன்மா. உங்க கவுண்டர்ல ஒருத்தவங்க பாயிண்ட்டு எடுக்க நிக்கிறாங்க இல்ல? அந்த நம்பர் என்னுது. நான் அவங்க தம்பி."

"அய்ய, நீங்கதானா சார் அது! இந்தம்மா போன வாரமே வந்து நின்னுட்டுப் போனாங்க. நம்பர் யாருதும்மான்னா வாயே தொறக்கல." குரல் திரும்பியது. "எம்மா, உங்க தம்பியாம்மா! லண்டன்லேர்ந்து!"

கொஞ்சம் தள்ளி அக்காவின் குரல் கேட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"அந்த ஓடிபி நம்பர மட்டும் வாங்கிக்கோ. எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

"நம்பர மட்டும் குடுப்பீங்களாம் சார்."

"குடுக்கறேன்மா. அவங்களுக்குக் காய்ச்சல் விட்டப்புறம் ஒடம்பு எப்டி இருக்குன்னு கேளு."

"காய்ச்சலுக்கப்புறம் ஒடம்பு எப்டி இருக்குன்னு கேக்குறாரும்மா."

"காய்ச்சல் வந்தது இவனுக்கு யாரு சொன்னாங்களாம்?"

நான் ஒரு கணம் யோசித்தேன். பொய் சொல்ல நேரம் இல்லை.

"நானாதான் அவங்க பொண்ணுகிட்ட கேட்டேன்மா. அவங்க பில்லு போட்டா எனக்கு இங்க மெசேஜ் வரும். பத்தொம்பது நாள் வரல."

அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "உங்க பொண்ணுகிட்ட கேட்டாராம்மா. நீங்க பில்லு போட்டா அவருக்கு மெசேஜ் போவுதாம். பத்தொம்பது நாள் நீங்க வரலன்னு எண்ணிக்கினு இருந்தாராம்."

வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒருவர் பேசினார். "இன்னாம்மா பேஜாரா போச்சு. ஒத்தப் பால் பாக்கெட்டு வச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கிறது? ஜல்தி போடும்மா."

"இருய்யா" என்றாள் அக்கா. "அறுநூத்தி நாப்பது ரூவா. நீ குடுப்பியா?"

குறியீட்டைச் சொன்னேன். நேரம் முடிந்துபோயிருந்தது. அந்தப் பெண் புதிதாக ஒன்று அனுப்பினாள். அவசரத்தில் நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றிச் சொன்னேன். மூன்றாம் தடவை ஏறியது.

"ஆச்சு சார். எம்மா, அறுநூத்தி நாப்பது கழிஞ்சிடுச்சு. மீதி நூத்தி பதினெட்டு குடுங்க." பிறகு நல்லதைச் செய்யும் குரலில் தொடர்ந்தாள். "நம்பர மாத்திடட்டுமாம்மா? உங்க நம்பரயே போட்டுட்டா மெசேஜ் எல்லாம் உங்களுக்கே வரும். இவருக்குப் போவாது. ஒவ்வொரு வாட்டியும் லண்டனையா தேடிக்கினு இருப்பீங்க?"

நியாயமான யோசனை. மறுப்பதற்கு எனக்கு ஓர் உரிமையும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கவுண்டரில் யாருடைய பொருளோ 'பீப், பீப்' என்று போய்க்கொண்டிருந்தது.

"வேணாம்மா" என்றாள் அக்கா. "அதே இருக்கட்டும்."

கடை போன் வைக்கப்பட்டது. ஒரு நிமிடம் விட்டு அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். மூன்று மணி அடித்தது. நான்கு. ஐந்தாவதில் எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை. பஸ் ஹாரன், பழக்கடைக்காரரின் கூவல், அதற்குப் பின்னால் அவள் மூச்சு.

"எடுத்தேன்ல. சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

"அப்பறம் எதுக்குப் போன் பண்ற?" பையை வேறு கைக்கு மாற்றும் சத்தம் கேட்டது. "இது வாட்ஸப்பா?"

"அதுலதான் நீ பிளாக் பண்ணி வச்சிருக்கியே. இது நேர் போனு."

"காசு போவுமே?"

"போவுதுக்கா. நிமிசத்துக்கு நூத்தம்பது ரூவா."

அவளைத் தெரிந்தவன் என்பதால், வைத்துவிடுவாள் என்று எண்ணினேன்.

"போவட்டும்" என்றாள். "வச்சிக்கினு இரு. ஆட்டோவுல ஏறிட்டுப் பேசறேன்."

ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அவள் பேரம் பேசி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. கேட்டுக்கொண்டே நின்றேன்.